நாடா இல்லாத பாவாடை

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில், நற்கருணை வாங்க வரிசை நகர்ந்துகொண்டிருந்தபோது, மெர்சியின் இடுப்பிலிருந்து ‘பர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தது.

பாட்டுக்குழு ஒரு பாட்டை முடித்துவிட்டு அடுத்ததற்குப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்த நேரம். ஈ பறந்தாலும் கேட்கும். முன்னால் நின்றவர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வரிசையில் இருந்த ஜெரோம் மட்டும் திரும்பவில்லை. அது என்ன சத்தம் என்று அந்தக் கோவிலில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். முந்தின நாள் சாயங்காலம் நாலு இஞ்சு வெல்க்ரோவை வெட்டி, பாவாடைப் பட்டியில் வைத்து அடித்து, “இனி இந்த ஊட்டுல நாடாங்கற பேச்சுக்கே எடமில்ல அம்மிணி” என்று மார்தட்டிக் கொடுத்த தையல்காரன் சாட்சாத் அவனேதான்.

மெர்சி பதறவில்லை. இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் குறுக்காகக் கட்டி, கொசுவத்தோடு பாவாடையையும் சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். தலை குனிந்துகொண்டு அடிமேல் அடி வைத்து முன்னேறினாள். ஃபாதர் அப்பத்தை உயர்த்தியபோது கையை நீட்ட முடியாமல் நாக்கை நீட்டினாள். பார்த்தவர்களுக்கு உடம்பு சிலிர்த்திருக்க வேண்டும். பெரிய ஆபரேஷனிலிருந்து எழுந்து வந்தவள், எவ்வளவு பணிவு பாருங்கள்! அவளுக்குப் பின்னால் வந்த மூன்று பெண்கள் தாங்களும் வயிற்றில் கையைக் கட்டிக்கொண்டு போய் நாக்கை நீட்டினார்கள்.

ஜெரோமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அவனுடைய வியாதி. சாவு வீட்டில் வரும், ரேஷன் கடையில் வரும், பெண்டாட்டியின் பாவாடை கோவில் நடுவில் கழன்றாலும் வரும். வாயைப் பொத்திக்கொண்டு இருமுவது போல நடித்தான். நடிப்பு எடுபடவில்லை என்பது, கையைக் கட்டியபடியே திரும்பி வந்த மெர்சி அவனை ஒரு பார்வை பார்த்ததில் தெரிந்தது.

ஆட்டோவில் ஏறியதும் கேட்டான். “ரொம்பச் சங்கடமாப் போச்சா மெர்சி?”

“பரவால்லீங்க.”

இந்த ‘பரவால்லீங்க’வோடு ஜெரோம் இருபத்தாறு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறான். கொங்குச் சீமையில் பிறந்தவர்களுக்கு அது ஒரு வசதியான சொல். காபியில் சர்க்கரை இல்லாவிட்டாலும் பரவால்லீங்க, காலில் லாரி ஏறிவிட்டாலும் பரவால்லீங்க. மெர்சி அதை எந்த இழுவையில் சொன்னால் மனசு ஆறிவிட்டது, எந்த இழுவையில் சொன்னால் மூன்று நாளைக்குச் சாம்பாரில் உப்பு இருக்காது என்றெல்லாம் அவன் பிரித்துப் பார்க்கப் பழகியிருந்தான். பிப்ரவரி மாதத்துக்குப் பிறகு அந்த வித்தையும் பலிக்கவில்லை. எல்லாம் ஒரே மாதிரி கேட்டது.

பிப்ரவரியில்தான் மெர்சிக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்தது. தோலில் புற்றுநோய். பாவாடை நாடா விழுகிற அதே தடத்தில், இடது பக்கம், கொஞ்சம் பின்னால் தள்ளி. முதலில் கறுத்தது, பிறகு தடித்தது, பிறகு அரித்தது. ஆறாத புண்ணாகி ஒருநாள் மில்லில் ஷிப்டு நடுவில் சேலையில் ரத்தம் ஊறியபோது, கூட வேலை செய்யும் பழனியாத்தாள்தான் பார்த்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பி, பெயர் தெரிந்துகொண்டு, உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோலை உரித்து அங்கே ஒட்டினார்கள்.

“முழுசா எடுத்தாச்சுங்க. நெறி எதுவும் கட்டல. ஆனா இனிமே இடுப்புல எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது” என்று சொன்னார் டாக்டர் சண்முகப்ரியா. புற்றுநோயிலிருந்து தப்பித்த மனுஷி அதற்கு என்ன கேட்பாள்? அழுவாள், கும்பிடுவாள். மெர்சி கேட்டது இதுதான்: “அப்ப மில்லுக்கு என்னத்தக் கட்டிட்டுப் போறதுங்க டாக்டர்?”

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. மெஷின் வரிசைக்கு நடுவே நடந்துகொண்டே இருந்து, அறுந்த நூலை அறுந்த இடத்தில் ஒட்ட வேண்டும். சும்மா உட்கார்ந்து சாப்பிட அவளுக்குத் தெரியாது. ஆபரேஷன் முடிந்த ஆறாவது வாரத்திலிருந்தே மொட்டை மாடியில் நடக்க ஆரம்பித்துவிட்டாள். வெயிலுக்குத் தலையில் துண்டு, கையில் ஜெபமாலை. ஜெபத்துக்கு இல்லை, எத்தனை சுற்று என்று எண்ண. ஒரு சுற்றுக்கு ஒரு மணி. முதல் நாள் ஐந்து மணியோடு மூச்சு வாங்கி உட்கார்ந்தவள், மே மாதத்தில் முழு மாலையை இரண்டு தடவை உருட்டினாள்.

கால் தயார். இடுப்புதான் தகராறு. நைட்டியோடு மில் கேட்டுக்குள் விட மாட்டார்கள். சுடிதார் போடலாம் என்றால் அதற்கும் உள்ளே நாடா. எலாஸ்டிக் என்றாலும் அதுவும் பிடிக்கத்தான் செய்யும், தடம் போடத்தான் செய்யும். மிச்சம் இருப்பது சேலை. சேலையைச் செருக ஒரு பாவாடை வேண்டும். அந்தப் பாவாடை இடுப்பைத் தொடக் கூடாது. ஆஸ்பத்திரியில் வைத்தே ஜெரோம், “அத எங்கிட்ட உட்டுருங்க டாக்டர். இந்தக் கையி தைக்காத பாவாடையா?” என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. வீட்டின் முன்னறையில் இருக்கும் அவனுடைய கடை பாவாடைக்குப் பேர்போனது. அதிலும் நாடாவுக்கு. கடையில் விற்கிற தட்டை நாடாவை அவன் தொட மாட்டான். நூலை அவனே முறுக்கித் திரித்து, சாட்டை மாதிரி மெல்லிசாகப் போடுவான். மில் பெண்களுக்கு அது ஓர் உயிர்க் காப்பு. மெஷின் பக்கத்தில் சேலை தளர்ந்தால் ஆபத்து; ஜெரோம் நாடாவில் ஒரு முடிச்சுப் போட்டால் எட்டு மணி நேரம் அசையாது. ‘அவிழாது, அறாது’ என்று போர்டிலேயே எழுதி வைத்திருந்தான்.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம் அந்த எழுத்தின் மேல் பச்சைப் பெயிண்டை அடித்துவிட்டு, கடையில் தைத்துத் தொங்கவிட்டிருந்த அத்தனை பாவாடையிலிருந்தும் நாடாவை உருவிப் போட்டான். அகலப் பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்து, “தெனமும் ஒரே எடத்துல கட்டாதீங்க, மேலயும் கீழயும் மாத்திக் கட்டுங்க, இறுக்காதீங்க” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். “ஏனுங் மாஸ்டரே, உருவிக்கிட்டு உழுந்தா நீங்க வந்து புடிப்பீங்ளா?” என்றாள் பழனியாத்தாள். அதற்கு அவன் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. ஆனால் மனசுக்குள் ஒரு கேள்வி கிடந்து பிறாண்டியது. மெர்சி இடுப்பில் விழுந்த தடம் அவன் திரித்த நாடாவின் தடம். மெர்சி என்ன நினைக்கிறாள்? கேட்டால், பரவால்லீங்க.

வெல்க்ரோ மானத்தை வாங்கிய மறுநாளே பழனியாத்தாள் இன்னொரு சேதி கொண்டுவந்தாள். ஜூன் ஒன்றாம் தேதி மெர்சி வந்து சேராவிட்டால் அவளுடைய மெஷினுக்கு வேறு ஆள் போடுவதாக மில் ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம். இன்னும் பதினேழு நாள்.

ஜெரோம் இரண்டாவது பாவாடையைத் தைத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் டவுசருக்குப் போடுகிற தோள்பட்டி இரண்டு வாங்கி, பட்டியில் கிளிப் மாட்டித் தோளில் தொங்கவிட்டான். கோவில் அனுபவத்தால் புத்தி வந்து, இந்தத் தடவை சோதனை வீட்டுக்குள்ளேயே நடந்தது. மெர்சி குனிந்தாள், நிமிர்ந்தாள், நூல் ஒட்டுவது போலக் கையை நீட்டினாள். பின்பக்கக் கிளிப் கழன்று தெறித்து, பார்த்துக்கொண்டிருந்த ஜெரோமின் நெற்றியில் ‘பட்’டென்று அடித்தது.

“யப்பா! கொலைகாரி!”

மெர்சி சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இடது பக்கத்தைப் பிடித்தாள். பட்டி மேலே ஏறி எங்கோ உராய்ந்திருக்கிறது.

“எங்க படுது?”

“அங்கனதானுங்க.”

“அங்கனன்னா? வெட்டுன எடத்துலயா, அதுக்குக் கீழயா?”

“பக்கமாத்தான்.”

“பக்கமாவா? ரெண்டு இஞ்சா, மூணு இஞ்சா? காட்டு, பாக்கறேன்.”

“பரவால்லீங்க. பழனியாத்தா வந்தா பாத்துக்கும்.”

இதுதான் ஜெரோமுக்கு உறுத்திய இன்னொரு விஷயம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து கட்டுப் பிரித்து மருந்து போட்டதெல்லாம் பழனியாத்தாள். கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவன் வெளியே மெஷினில் உட்கார்ந்து நூல் இல்லாமலேயே பெடலை மிதித்துக்கொண்டிருப்பான். கட்டிய புருஷன் பார்க்காத இடத்தைப் பக்கத்து மெஷின்காரி பார்க்கிறாள். இதைச் சொல்லி யாரிடம் நியாயம் கேட்பது?

டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் கலீல் ரஹ்மானிடம்தான் கேட்டான். கேட்கப் போகவில்லை, காட்டன் டேப்பும் பட்டனும் வாங்கப் போனான். நூல், லேஸ், ஊக்கு என்று அப்பா காலத்துக் கடையை நடத்துகிற கலீல், அவனைப் பார்த்ததும் எழுந்தார்.

“வாங்க மாஸ்டர். கிளிப்பு எப்படி, நல்லாப் புடிச்சுதா?”

“நெத்தியப் பாருங்க பாய்.”

“அட, நெத்திய நல்லாப் புடிச்சிருக்குதே!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஜெரோம் மூன்றாவது திட்டத்தை விரித்தான். இடுப்பில் பட்டியே கிடையாது. தோளிலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரே துணி, கை இல்லாத அங்கி மாதிரி தொளதொளவென்று. சேலை செருக மட்டும் வெளிப்பக்கம் ஒரு மடிப்பு, அதில் நாலு பட்டன். பாரம் மொத்தமும் தோளுக்கு. மடிப்பின் தையல் மட்டும் ஆபரேஷன் ஆன இடத்தில் விழக் கூடாது.

“அருமை. அளவு?”

“அளவென்ன பாய், அளவு பாவாடைதான் இருக்குதே.”

அது அவன் தொழில் மரியாதை. பெண்கள் மேல் அளவு டேப் வைக்காத தையல்காரன் என்று அவனுக்கு ஒரு பெயர் உண்டு. எல்லோரும் பழைய ஜாக்கெட், பழைய பாவாடை கொண்டுவந்து கொடுப்பார்கள், அதை வைத்து வெட்டுவான். கட்டியவளுக்கும் அதே கதைதான். போன வருஷம் மெர்சி கொடுத்த ஒரு பாவாடை இன்னும் ஆணியில் தொங்குகிறது. மெர்சியின் உடம்பை அவன் ஒரு தடவைகூட அளந்ததில்லை.

கலீல் காட்டன் டேப்பை வெட்டிக்கொண்டே சொன்னார். “தங்கச்சி எத்தன கிலோ எளச்சிருக்குது? வெட்டுன எடம் குழி உழுந்திருக்கும். நீங்க வெச்சிருக்கற அளவு போன வருசத்துத் தங்கச்சிக்கு மாஸ்டர்.”

“அதுவும் சரிதான். போன வருசத்துப் பொண்டாட்டிய எங்க பாய் தேடறது?”

இந்தத் தடவை கலீல் சிரிக்கவில்லை. “நீங்க பாத்தீங்களா?”

“எத?”

“வெட்டுன எடத்த.”

ஜெரோம் ஒரு பட்டனை எடுத்து, ஓட்டை எத்தனை என்று எண்ணுவதுபோல் பார்த்தான். “இல்ல.”

“ஏனுங்க?”

“காட்ட மாட்டேங்குது.”

“ஏன் காட்ட மாட்டேங்குது?”

எதற்கும் ஜெரோமிடம் ஒரு நகைச்சுவை இருக்கும். உள்ளே தேடிப் பார்த்தான், வரவில்லை. கலீலும் வற்புறுத்தவில்லை. டேப்பைச் சுருட்டிக் காகிதத்தில் பொட்டலமாக மடித்துக் கொடுத்து, “தச்சுப் போடுங்க மாஸ்டர், இதுல நீங்க தோக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னார்.

மே இருபத்து மூன்றாம் தேதி ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாதப் பரிசோதனை. திரைக்கு அந்தப் பக்கம் மெர்சியும் டாக்டரும். இந்தப் பக்கம் ஜெரோம். திரைக்கு அடியில் டாக்டரின் செருப்பு மட்டும் தெரிந்தது. அது நகர்ந்தால் இவன் நெஞ்சு நகர்ந்தது.

“நல்லா ஆறியிருக்குதுங்க. தொடை இடுக்குலயும் நெறி எதுவும் இல்ல” என்று சொல்லிக்கொண்டே டாக்டர் வெளியே வந்தார். ஜெரோம் அப்போதுதான் மூச்சை விட்டான். டாக்டர் அவனைப் பார்த்துச் சொன்னார். “ஆனா மாசம் ஒருக்கா வீட்டுல யாராச்சும் பாத்துக்கணும். பின்பக்கம் அவங்களுக்குத் தெரியாது. நெறம் மாறுனா, தடிச்சா, புண்ணு மாதிரி வந்தா ஒடனே வந்துரணும். யாரு பாப்பீங்க?”

“பழனியாத்தா பாத்துக்கும்ங்க” என்றாள் மெர்சி.

“நான் டெய்லருங்க டாக்டர். கால் இஞ்சு வித்தியாசம் வந்தாலும் கண்டுபுடிச்சிருவேன்” என்றான் ஜெரோம்.

டாக்டர் மரியாதைக்குச் சிரித்துவிட்டு மெர்சியைப் பார்த்தார். மெர்சி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

ஜெரோம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான். “டாக்டர், நாடாவாலதான் வந்துச்சுங்களா?”

“ஒரே எடத்துல வருசக்கணக்கா இறுக்கி, உரசிட்டே இருந்தா சில பேருக்கு வருதுங்க. எல்லாருக்கும் வர்றதில்ல. இது ஒண்ணுதான் காரணம்னு கை காட்ட முடியாது.”

“அப்ப டெய்லருக்கு ஜாமீன் உண்டுங்கறீங்க!”

டாக்டர் குனிந்து சீட்டில் அடுத்த தேதியை எழுதினார். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை மெர்சி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். ஜெரோம் தன் வாயை ஊசி நூல் கொண்டு தைத்துவிட்டால் எத்தனை தையல் பிடிக்கும் என்று யோசித்தபடி வந்தான்.

அதன் பிறகு நாலு நாள் அவன் துணியைத் தொடவில்லை. வெட்டத் தயாராக வைத்த வெள்ளைப் பாப்ளின் துணி மேஜையில் கிடந்தது. சாக்கட்டியை வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பான். அளவு பாவாடை ஆணியில் தொங்கியது. ஐந்தாம் நாள் மத்தியானம் அதை எடுத்துப் பீரோவுக்குள் வைத்தான்.

அன்று மெர்சி மாடியிலிருந்து இறங்கி வந்தபோது முகமெல்லாம் வியர்வை. ஜெபமாலையைக் கழுத்தில் மாட்டியிருந்தாள்.

“என்னுங்க, துணி அப்படியே கெடக்குது?”

“தைக்கல.”

“ஏன்?”

“அளவு இல்ல.”

“அளவு பாவாடை எங்க போச்சு?”

“அது சேராது அம்மிணி. அத வெச்சு ரெண்டு தச்சேன், ரெண்டும் தோத்துப் போச்சு. மூணாவதையும் குருட்டாம்போக்குல தச்சு, அது மெஷின் பக்கத்துல உருவுச்சுன்னா? நான் தைக்க மாட்டேன். அளவு எடுத்தாத்தான் தைப்பேன்.”

மெர்சி துண்டை எடுத்து முகம் துடைத்தாள். கழுத்து துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். பிறகு போய் முன்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

“டேப்ப எடுங்க.”

ஜெரோம் எழுந்தான். நாற்காலி சாய்ந்தது.

“ஆனா ஒண்ணும் பேசக் கூடாது.”

அவன் தலையை ஆட்டினான்.

அவள் முதுகைக் காட்டி நின்று, நைட்டியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜெரோம் தரையில் மண்டி போட்டான். தையல்காரர்கள் மண்டி போடுவது சகஜம்.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். அதில் வேறு நிறத்தில் ஒரு தோல், சல்லடைபோலச் சின்னச் சின்னக் கட்டங்களோடு. சுற்றிலும் தையல் தடம், ஒரே இடைவெளியில், ஒன்றுகூடத் தப்பாமல். ‘இந்தத் தையலப் போட்ட ஆளு யாருன்னு கேளு மெர்சி, நம்ம கடைக்குக் கூப்பிட்டுக்கலாம்’ என்ற வாக்கியம் முழுசாக உருண்டு திரண்டு அவன் தொண்டைக்கு வந்தது. வாயைத் திறந்தும் விட்டான். அப்போதுதான் அந்தக் கோடு கண்ணில் பட்டது.

பள்ளத்தின் ஒரு முனையில் தொடங்கி, இடுப்பை முழுக்கச் சுற்றி, மறுமுனையில் வந்து முடிகிற ஒரு கறுத்த கோடு. சதைக்குள் இறங்கிய கோடு. மெல்லிசாக, சாட்டை மாதிரி. எவ்வளவு மெல்லிசு என்று அளந்து பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. நூலை எத்தனை முறுக்கு முறுக்கினால் அந்தக் கனம் வரும் என்று அவன் விரலுக்குத் தெரியும்.

வாயை மூடிக்கொண்டான். ஐம்பத்து மூன்று வயதில், வந்த சிரிப்பை வந்த வழியே அனுப்பியது அதுதான் முதல் தடவை.

டேப்பை வைத்தான். மெர்சி சிலிர்த்தாள். “சில்லுன்னு இருக்குதுங்க.”

டேப்பின் நுனியை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி வைத்தான். தோளிலிருந்து பள்ளத்தின் மேல் விளிம்பு வரை. அவள் முழங்கையைத் தொட்டுத் திரும்பிப் பார்க்க வைத்து, எழுத முடியாது, சொன்னால்தான் ஆகும் என்பதுபோலச் சைகையால் வாயைத் தொட்டுக் காட்டினான்.

“அளவு சொல்லலாம்” என்றாள் அவள்.

“பதினாலே முக்கால்.” கனைத்துக்கொண்டான். “கீழ் விளிம்பு பதினெட்டேகால். அகலம் மூணரை. வலிக்குதா?”

“இல்ல.”

“இங்க?”

“அங்க மரத்துப் போச்சு. தெரியல.”

“இங்க?”

“அங்க தெரியுது.”

தெரிகிற இடத்துக்கும் தெரியாத இடத்துக்கும் நடுவில் அவன் மெதுவாக விரலை நகர்த்தி, எல்லையை மனசில் வரைந்துகொண்டான். மடிப்பு இருபதரையில் விழ வேண்டும். இடது பக்கம் தையலே கூடாது. அங்கே துணியை இரட்டையாக விட்டு, பட்டனை முன்னால் தள்ள வேண்டும். ஒன்றுக்கு இரண்டு தடவை அளந்தான். பழைய அளவிலிருந்து இடுப்பு நாலு இஞ்சு குறைந்திருந்தது.

நைட்டியை இறக்கிவிட்டுத் திரும்பியபோது மெர்சி கேட்டாள். “நடுவுல என்னமோ சொல்ல வந்தீங்க.”

“இல்லியே.”

“வந்தீங்க. முழுங்கிப் போட்டீங்க.”

ஜெரோம் சாக்கட்டியைத் தேடினான். அது அவன் காதின் மேலேயே இருந்தது.

மூன்று நாள் தைத்தான். இரண்டு தடவை பிரித்தான். ஒவ்வொரு தையலையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, உறுத்துகிற இடத்தை மடித்து அடித்தான். பட்டன் நுழைகிற காஜாவைக் கையாலேயே போட்டான். முப்பத்தொன்றாம் தேதி மெர்சி அதைப் போட்டு, சேலை கட்டி, மாடியில் முழு மாலை மூன்று தடவை நடந்தாள். பழனியாத்தாள் நடுநடுவே கொசுவத்தைப் பிடித்து வெடுக்வெடுக்கென்று இழுத்தாள். நாலு பட்டனில் ஒன்றுகூட அசையவில்லை.

“ஏனுங் மாஸ்டரே, எனக்கும் ஒண்ணு தச்சுக் குடுங்க” என்றாள் பழனியாத்தாள்.

“அளவு எடுக்கோணுமே.”

“எம்மேல டேப்ப வெச்சுப் பாருங்க, கைய ஒடிச்சுப் போடறேன். மெர்சி எடுக்கும்.”

ஜூன் ஒன்றாம் தேதி இரண்டு மணி ஷிப்டு. ஜெரோம் மொபெட்டில் மெர்சியைக் கூட்டிக்கொண்டு போனான். மேடு பள்ளம் பார்த்து, மாட்டு வண்டி வேகத்தில். மில் கேட்டில் பெண்கள் கும்பலாக நின்று அவளைப் பார்த்துக் கையாட்டினார்கள். யாரோ “மெர்சியக்கா!” என்று கத்தினார்கள். அவள் இறங்கி, சேலையை ஒரு தடவை நீவிவிட்டுக்கொண்டாள். இடுப்பில் கை வைத்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை.

“சரீங்க, போய்ட்டு வாரேன்.”

“மெர்சி.”

“என்னுங்க?”

ஜெரோம் மொபெட்டின் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு அதனிடமே கேட்டான். “எம்மேல கோவமா? பரவால்லீங்கன்னு சொல்லாத. நாடா நான் திரிச்சது. அந்தக் கோட்ட நான் பாத்தேன். இருக்குதா, இல்லியா, அத மட்டும் சொல்லிப்போடு.”

உள்ளே சங்கு ஊதியது. பெண்கள் நகரத் தொடங்கினார்கள். மெர்சி நகரவில்லை.

“நாடாவுக்குக் கோவமில்லீங்க. திரிச்சது நீங்க, இறுக்குனது நானு. எல்லாரும்தான் கட்டுனாங்க.”

“அப்ப இல்ல?”

“இருக்குதுங்க.”

அவன் நிமிர்ந்தான்.

“மூணு தடவ உங்ககிட்டக் காட்டுனேன். கறுத்தப்பக் காட்டுனேன், யானைக்கு சங்கிலித் தடம்னு சிரிச்சீங்க. தடிச்சப்பக் காட்டுனேன், என்ற நாடாவுக்குக் கெவருமெண்டு முத்திரை உழுந்திருச்சுன்னீங்க. புண்ணானப்பக் காட்டுனேன், வாயில ஊக்க வெச்சுட்டுத் திரும்பிக்கூடப் பாக்கல, சிரிப்பு மட்டும் வந்துச்சு. அதுக்குத்தான் கோவம். பழனியாத்தா பாத்துச்சு, சிரிக்கல. அதனால அவளுக்குக் காட்டுனேன். நாலாவது தடவ நீங்களும் சிரிக்கல. அதுல பாதி போச்சு. மீதி இருக்குது. அது போகறப்பச் சொல்றேன்.”